பாட்டு நிற்கும் இடம்

பாலத்துக்கு அடியில் நின்றால் பாட்டு நின்றுபோகும் என்று பெட்டியைப் பொருத்திக்கொடுத்த டெல்மர் முன்கூட்டியே சொல்லியிருந்தான். நின்ற பிறகு உள்ளே யாரோ மூச்சுவிடுவார்கள் என்று சொல்லவில்லை.

புது ரேடியோப் பெட்டி பொருத்திய பிறகு அதுதான் முதல் பயணம். அக்டோபர் கடைசியில் ஒரு சாயங்காலம். பிஸ்மார்க் நகர ஆஸ்பத்திரியில் மனைவி டில்லிக்கு டயாலிசிஸ் முடித்துக்கொண்டு, வாரத்தில் மூன்று முறை போய்வருகிற அதே ரோட்டில் வெண்டலின் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். அறுவடைக்குக் காத்திருந்த சூரியகாந்திச் செடிகள் இரண்டு பக்கமும் கறுத்த தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றன. பாதி வழியில் ரயில் பாலம். வடக்கு டகோட்டாவின் காற்றுக்கு அந்த ரோட்டில் வேறு மறைப்பே கிடையாது. அதனால் பாலத்தடியில் வண்டியை ஒதுக்கி, ஃபிளாஸ்கிலிருந்து ஆளுக்கொரு மூடி காப்பி குடிப்பது அவர்களுடைய பழக்கம். டில்லிக்கு அரை மூடிதான். தண்ணீரைக்கூட அளந்து குடிக்கவேண்டிய உடம்பு.

எஞ்சினை அணைத்துவிட்டு ரேடியோவை மட்டும் ஓடவிட்டார். அக்கார்டியன் ஒன்று குதித்துக் குதித்து வாசித்துக்கொண்டிருந்தது, சட்டென்று அறுந்தது. டாஷ்போர்டில் ஒட்டியிருந்த சின்னப் பெட்டியின் கண்ணாடியில் 'சிக்னல் தேடுகிறது' என்று எழுத்து ஓடியது.

பிறகு ஸ்பீக்கரில் அந்த மூச்சு. ஈரமாக, கனமாக, வாயைக் கம்பளியால் மூடிக்கொண்டு இழுத்து இழுத்து விடுவதுபோல. அதற்குப் பின்னால் பலகையில் கையால் குத்துகிற மாதிரி டொம்மென்று ஒரு சத்தம். மறுபடியும் ஒன்று. யாரோ எங்கோ சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கத்துகிறார்கள். வார்த்தை பிடிபடவில்லை.

"யாரோ கொறட்டை விடறாங்க கெழவா, உன் ரேடியோக்குள்ள," என்றாள் டில்லி.

"பக்கத்து ஸ்டேஷன் கசியுது."

"கதவ வேற தட்டறான் பாவம். தொறந்து விடேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் நாளில் அவள் சிரிப்பது அபூர்வம். வெண்டலினும் சிரித்தபடியே ரேடியோவின் குமிழை இடப்பக்கம் மெல்லத் திருப்பி, டிக்கென்று அணைத்தார்.

அந்தச் சின்னப் பெட்டி அவள் ஆசைப்பட்டுக் கேட்டது. வண்டியோ முப்பது வயதைத் தொட்ட பிக்கப். பட்டனும் குமிழுமாகக் கம்பெனியே வைத்துக் கொடுத்த ரேடியோ. ஊரைத் தாண்டினால் அதில் கோதுமை விலையும் கொரகொரப்பும் தவிர வேறொன்றும் கேட்காது. வானத்து சாட்டிலைட்டிலிருந்து பாட்டு வருகிறதாம், நாள் முழுக்க போல்கா நடனப் பாட்டு மட்டுமே போடுகிற சேனல் இருக்கிறதாம் என்று ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில் பெண்மணி சொன்னதிலிருந்து டில்லிக்கு அதே பேச்சு. ஆனால் கம்பெனி ரேடியோவைப் பிடுங்க வெண்டலின் ஒப்பவில்லை. அவருக்கு வண்டியில் கத்தி வைத்தால் தன் வயிற்றில் வைத்த மாதிரி.

"பிடுங்கவே வேணாம் பெரியப்பா," என்றான் டெல்மர். டில்லியின் தங்கை மகன், ஊரில் மெக்கானிக் கடை வைத்திருப்பவன். "கூரை மேல இந்தக் காந்த ஆன்டெனா ஒட்டிக்கும். பெட்டி பாட்ட வாங்கி, எந்த ஸ்டேஷனும் இல்லாத காலி நம்பர் ஒண்ணுல உங்க ரேடியோவுக்கே ஊதிவிடும். பழைய மாடு, புதுப் பால்."

காலி நம்பராக எண்பத்தெட்டு புள்ளி ஒன்றைப் பிடித்தான். ஆனால் பக்கத்து எண்ணில் இருந்த சர்ச் ஸ்டேஷன் பிரசங்கத்தோடு உள்ளே நுழைந்தது. போல்காவுக்கு நடுவே நரகத்தைப் பற்றி ஒரு பாதிரியார் முழங்கினார். டில்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இந்தக் கம்பிதான் அந்தாள இழுத்துட்டு வருது," என்று டெல்மர் முன்பக்க மட்கார்டில் நெட்டுக்குத்தலாக நின்ற பழைய ஆன்டெனாக் கம்பியைத் திருகிக் கழற்றினான். பிரசங்கம் அடங்கியது. பாட்டு கண்ணாடி மாதிரி தெளிந்தது. கம்பியை வெண்டலினிடம் நீட்டினான். அதன் உச்சியில், என்றோ ஒரு குளிர்காலத்தில் கட்டிய சிவப்புத் துணியின் நூல் இரண்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. வெண்டலின் அதை வீட்டுக்குக் கொண்டுபோய், கொட்டகைச் சுவரில் மண்வெட்டிக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினார்.

நவம்பரில் பனி விழுந்து தரையில் தங்க ஆரம்பித்தது. இப்போதெல்லாம் பாலம் வருவதற்குள் டில்லி தூங்கிப்போகிறாள். வெண்டலின் மட்டும் தனியாகக் காப்பி குடிக்கிறார். தலைக்கு மேல் இரும்பு உத்தரங்கள் குளிரில் முனகின. பாட்டு அறுந்தது. அணைத்துவிடலாம் என்று குமிழுக்குப் போன கை நடுவில் நின்றது.

உள்ளே ஒரு கிழவன் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தான். ஜெர்மன் மொழியில், ரஷ்யாவில் குடியிருந்துவிட்டு இங்கே வந்த ஜெர்மன் பாட்டன்மார் சொன்ன அதே இழுவையில், இந்தப் பக்கத்து வயசாளிகள் மட்டுமே இன்னும் சொல்கிற விதத்தில். ஆனால் பாதிதான் சொன்னான். ஜெபமாலையில் ஒருவர் முதல் பாதி சொல்ல மற்றவர் மறுபாதி சொல்லவேண்டும் அல்லவா? இவன் மறுபாதியை மட்டும் சொன்னான். 'இப்பொழுதும் எங்கள் மரண வேளையிலும்' என்று முடித்துவிட்டு, முதல் பாதி சொல்லவேண்டியவருக்காகக் காத்திருந்தான். அவர் சொல்வதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம். அங்கே ஒன்றும் இல்லை. வெறும் காற்று. பிறகு இவன் மறுபடியும் தன் பாதியைத் தொடங்கினான்.

வெண்டலினின் மேல்வரிசைப் பல்செட் கொஞ்சம் தளர்ச்சி. சில எழுத்துகளைச் சொல்லும்போது மெல்லிய விசில் ஒன்று கிளம்பும். டில்லி அதை வைத்து ஓயாமல் கேலி செய்வாள். ரேடியோவில் ஜெபம் சொன்னவனின் வாயிலும் அதே இடங்களில் அதே விசில்.

வெண்டலின் பக்கத்தில் பார்த்தார். டில்லி வாய்மூடித் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய மூக்கின் கீழே கையை வைத்துப் பார்த்தார். சூடாக மூச்சு வந்தது. வீடு போய்ச் சேரும்வரை அந்தக் கையைத் தன் கழுத்துத் துண்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, மறு கையால் ஓட்டினார்.

அவளிடம் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது? உனக்காக நான் மட்டும் ஜெபம் சொல்கிற குரலைக் கேட்டேன் என்றா? வாரத்துக்கு மூன்று முறை ஊசி குத்திக்கொண்டு உயிரைத் தவணையில் வாங்கி வருகிறவளிடம் சொல்கிற விஷயமா அது?

டிசம்பரில் ஒரு நாள் அதே பாலத்தடியில் இரண்டு குரல்கள் கேட்டன. முதல் பாதியை ஒரு பெண் சொன்னாள். மூச்சு வாங்கி, விட்டுவிட்டு. மறுபாதியைக் கிழவன் சொன்னான். அவள் குரலை அடையாளம் காண வெண்டலினுக்கு விசில் தேவைப்படவில்லை. ஆனால் விநோதம், அன்று அவருக்கு நெஞ்சு கொஞ்சம் லேசானது. போன மாதம் ஒற்றையாக இருந்தவனுக்கு இப்போது துணை கிடைத்துவிட்டதே. போனவள் திரும்பி வந்துவிட்டாள் என்றுகூட அசட்டுத்தனமாக ஓர் எண்ணம். மனசு அப்படித்தான், பிடிக்க ஒரு துரும்பு கிடைத்தால் அதில் ஊஞ்சல் கட்டிவிடும்.

ஆனாலும் டெல்மரிடம் போய் நின்றார். "கழட்டிடுடா."

"ஏன் பெரியப்பா? நல்லாத்தானே பாடுது."

"பாட்டு நிக்கறப்ப வேற என்னமோ கேக்குது."

டெல்மர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சிரித்தான். "பேயா? பேய்க்கு மாசாமாசம் யாரு சந்தா கட்டறது? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஏதோ லாரிக்காரன் பேச்சு கசியுது, அவ்வளவுதான். பெரியம்மாகிட்ட கேட்டுட்டு வாங்க, கழட்டறேன்."

பெரியம்மாவிடம் கேட்டார். நெஃப்ளா சூப்பில் ஒரே ஒரு மாவு உருண்டையைக் கரண்டியால் உருட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"டாக்டர் உருளைக்கெழங்கு கூடாதுன்னுட்டான். உப்பு கூடாதுன்னுட்டான். தண்ணி கூடாதுன்னுட்டான். இப்ப நீ பாட்டும் கூடாதுங்கற. அப்புறம் நான் எதுக்குய்யா இருக்கேன்?"

பெட்டி டாஷ்போர்டிலேயே இருந்தது.

ஜனவரியில் ஒரு புதன்கிழமை புயலில் ரோட்டை மூடிவிட்டார்கள். டயாலிசிஸுக்குப் போக முடியவில்லை. வெள்ளிக்கிழமை விடியும்போது டில்லியின் கணுக்கால்கள் பன் மாதிரி உப்பியிருந்தன, படுத்தால் மூச்சு முட்டியது. நர்ஸ் போனில் ஒளிக்காமல் சொல்லிவிட்டாள், இன்றைக்கும் தவறினால் திங்கட்கிழமை வரை தாங்காது என்று. இருட்டிய பிறகுதான் அடுத்த புயல் என்றது வானிலை அறிக்கை. மத்தியானமே திரும்பிவிடலாம்.

கிளம்புவதற்கு முன் வெண்டலின் ஒரு காரியம் செய்தார். டாஷ்போர்டிலிருந்த சின்னப் பெட்டியைப் பிடுங்கி, சமையலறை அலமாரியில் மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவைத்தார். பெட்டி இல்லாவிட்டால் பாட்டு இல்லை. பாட்டு இல்லாவிட்டால் அது நிற்பதும் இல்லை. பெரிய பாரத்தை இறக்கிவைத்த நிம்மதியோடு கொட்டகைக்குப் போய் மண்வெட்டியை எடுத்துக்கொண்டார். பக்கத்து ஆணியில் ஆன்டெனாக் கம்பி தொங்கியது. மண்வெட்டியின் பிடி பட்டு அது லேசாக ஆடியது. அவர் அதைப் பார்க்கவில்லை.

திரும்பும்போது மேலே வானம் நீலமாகத்தான் இருந்தது. ஆனால் காற்று சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டது. வானத்திலிருந்து விழும் பனி அல்ல, தரையில் கிடந்த பனியே எழுந்து ரோட்டின் குறுக்கே பாம்பு பாம்பாக ஓடியது. முதலில் டயர் உயரம். பிறகு விளக்கு உயரம்.

டில்லி கைப்பையைத் திறந்தாள். உள்ளேயிருந்து அந்தப் பெட்டியை எடுத்து வெயிலில் காட்டினாள்.

"மாவு டப்பாக்குப் பின்னாடி வச்சா எனக்குத் தெரியாதா? அம்பது வருஷமா அந்த டப்பாவத் தொடறவ நானு. பல்செட்டத் தவிர உனக்கு ஒளிக்கத் தெரிஞ்சது எதுவும் இல்ல கெழவா."

அவர் தடுப்பதற்குள் சொருகிவிட்டாள். அக்கார்டியன் துள்ளியது. எதிரே வெள்ளைக்குள்ளிருந்து பாலம் கறுப்பாக எழுந்துவந்தது.

"நிறுத்து, காப்பி குடிச்சிட்டு இந்தக் காத்து அடங்கினதும் போலாம்."

நிறுத்தியிருக்க வேண்டும். அங்கே ஒதுங்கியிருந்தால் காற்று தொட்டிருக்காது, பனி வாரும் வண்டிக்காரன் பாலத்தடியைப் பார்க்காமல் போகமாட்டான். ஆனால் வண்டி நிழலுக்குள் நுழைந்த அந்தக் கணமே பாட்டு அறுந்து, ஸ்பீக்கரில் டிக், டிக், டிக் என்று ஒரு சத்தம் வந்தது. எச்சரிக்கை விளக்கு அடிக்கிற சத்தம். நாலு தட்டுக்கு ஒரு தட்டு அது நொண்டியது. இந்த வண்டியின் எச்சரிக்கை விளக்கு மட்டுமே அப்படி நொண்டும்.

வெண்டலின் ஆக்ஸிலேட்டரை மிதித்தார்.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். கேட்டவன் எந்தப் பக்கம் ஓடவேண்டும் என்று யாரும் சொல்லிவைக்கவில்லை.

பாலத்தைத் தாண்டியதும் ரோடு காணாமல் போனது. முன்னால் வெள்ளை. பக்கத்தில் வெள்ளை. சக்கரத்துக்குக் கீழே ஓரத்துச் சரளை ஒரு நொடி கரகரத்தது, வண்டி சாய்ந்தது, மெதுவாக, மெத்தையில் உட்காருவதுபோலப் பள்ளத்தில் இறங்கி நின்றது.

"அடி பட்டுச்சா?"

"இல்ல. காப்பிதான் கொட்டிடுச்சு."

அந்த ஊரில் நடக்கப் பழகும் குழந்தைக்கும் தெரிந்த விஷயங்கள் சில உண்டு. வண்டியை விட்டு இறங்கி நடக்காதே. புகைக்குழாயை மூடவிடாதே. காப்பி டின்னுக்குள் மெழுகுவத்தி ஏற்று. ஆன்டெனாக் கம்பியின் உச்சியில் சிவப்புத் துணியைக் கட்டு. வண்டி முழுக்க மூடினாலும் கம்பி வெளியே நிற்கும், துணி ஆடும், பனி வாரும் வண்டிக்காரன் பார்ப்பான். அப்பன் சொல்லி, பாட்டன் சொல்லி வந்தது. எச்சரிக்கை விளக்கைப் போட்டார். டிக், டிக், டிக், நொண்டல். சிவப்புத் துணியை எடுத்துக்கொண்டு இறங்கி, வண்டியைப் பிடித்துப் பிடித்து முன்னால் போய், மட்கார்டில் கையை வைத்தார்.

கட்டைவிரல் அளவு ஓர் ஓட்டை. அவ்வளவுதான் இருந்தது.

கொஞ்ச நேரம் அந்த ஓட்டையின் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு துணியைப் பக்கவாட்டுக் கண்ணாடியில் கட்டினார். புகைக்குழாயைச் சுற்றி மண்வெட்டியால் வாரினார். வார வார அது மூடியது. மூன்றாவது முறை உள்ளே வந்து கதவைச் சாத்தியபிறகு கதவு திறக்கவில்லை. பனி கண்ணாடியை ஏறி, துணியை விழுங்கி, கூரையையும் மூடியது. எஞ்சினை அணைத்தார். போனில் ஒரு கோடுகூட இல்லை. மெழுகுவத்தி மட்டும் டின்னுக்குள் மஞ்சளாக எரிந்தது.

"ரேடியோவ அணைக்காத," என்றாள் டில்லி. "பாட்டு வந்தாலும் வரும்."

சிக்னல் தேடுகிறது. சிக்னல் தேடுகிறது.

வெளியே எங்கோ ஓர் உறுமல் வந்தது. இரும்பு தரையில் உரசும் சத்தம். பனி வாரும் வண்டி! வெண்டலின் ஹாரனில் கையை வைத்து அழுத்தினார். பனிக்குள் அது பூனை கத்துவதுபோல் செத்துப்போனது. உறுமல் நெருங்கியது. தலைக்கு நேரே வந்தது. வேகம் குறையவில்லை. பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் நிற்கவில்லையே. போய்விட்டது.

டில்லி ஜெபமாலையை எடுத்தாள். "சொல்லலாம்யா."

அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். அவள் ஏற்கனவே தொடங்கிவிட்டாள். முதல் பாதி. மூச்சு வாங்கி, விட்டுவிட்டு. அவர் மறுபாதியைச் சொன்னார். பல்செட் விசிலடித்தது. அவள் சிரித்தாள். ஸ்பீக்கருக்குள் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு உற்றுக் கேட்பதுபோல் இருந்தது.

மெழுகுவத்தி கரைந்தது. அவள் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. ஒரு தடவை முதல் பாதி வரவில்லை.

"டில்லி."

அவள் கையிலிருந்த மணிகள் அவர் மடியில் வழிந்து விழுந்தன. அவர் மறுபாதியைச் சொன்னார். காத்திருந்தார். அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம். மறுபடியும் சொன்னார். நிறுத்தினால் உண்மையாகிவிடும் என்பதால் சொல்லிக்கொண்டே இருந்தார்.

மெழுகுவத்தி அணைந்தது. பெட்டியின் நீல எழுத்து மட்டும். கழுத்துத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அவர் மூச்சு விட்டார். ஈரமாக. கனமாக. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அவருக்கு விளங்கிவிட்டது. எல்லாம் பின்னாலிருந்து முன்னால் வந்திருக்கிறது. கடைசியில் நடப்பதைத்தான் முதலில் கேட்டார்கள்.

அப்போது ஸ்பீக்கர் லேசாகக் கொரகொரத்தது. ஃபிளாஸ்க் மூடி திறக்கிற சத்தம். ஒரு பெண் குரல், தெளிவாக, பக்கத்திலிருந்து.

"யாரோ கொறட்டை விடறாங்க கெழவா, உன் ரேடியோக்குள்ள."

டொம். டாஷ்போர்டில் இரண்டு கையாலும் குத்தினார். டொம்.

"கம்பிய மாட்டு! டேய்! கம்பிய எடுத்து மாட்டு!"

"பக்கத்து ஸ்டேஷன் கசியுது," என்றது உள்ளே ஓர் ஆண் குரல், விசிலோடு.

"கதவ வேற தட்டறான் பாவம். தொறந்து விடேன்."

அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். வெண்டலின் தொண்டை கிழியக் கத்திக்கொண்டே இருந்தார்.

நீல வெளிச்சத்தில், அவர் கண்ணெதிரே, யாரும் தொடாத ரேடியோவின் குமிழ் அசைந்தது. இடப்பக்கம். மெல்ல. அவர் இரண்டு கையாலும் அதைப் பிடித்தார். விறைத்த விரல்களுக்குள்ளேயே அது திரும்பியது.

டிக்.